‘கெட் பேக் டு யூ’ என்றார்கள்... காத்திருந்தேன்!

ஆங்கிலத்தில் நாலே நாலு சின்னச் சொற்கள். அவற்றைத் தவறாகப் புரிந்துகொண்டதால் என் அம்மாவின் தோடு ஐந்து மாதம் அடகுக்கடையில் கிடந்தது. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு அந்தச் சொற்களின் பொருளைப் பார்ப்போம். என் வீட்டில் நடந்தது உங்கள் வீட்டில் நடக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1980-ஆம் ஆண்டு. எஸ்.பி.எம். முடிவு வந்த கையோடு பட்டணத்து நிறுவனம் ஒன்றுக்கு குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டிருந்தேன். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம், ரிமூவ் வகுப்பில் ஒரு வருஷம், அதன்பின் இடைநிலைப்பள்ளி. இதுதான் என் படிப்பு. மலாய் நன்றாக வரும். ஆங்கிலம் எழுதினால் வரும், பேசினால் தொண்டையில் நிற்கும்.

அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதராகவே தெரிந்தார். சிரித்த முகம். பத்து நிமிடம் கேள்வி கேட்டார். எழுந்து கை கொடுத்து, “தேங்க் யூ. வீ வில் கெட் பேக் டு யூ” என்றார்.

‘கெட்’ என்றால் பெறு. ‘பேக்’ என்றால் பின்னால். ‘யூ’ என்றால் நீ. எனக்குத் தெரிந்த இலக்கணத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். ‘உன்னைப் பிறகு எடுத்துக்கொள்வோம்’ என்று விடை வந்தது! பஸ் முழுக்க எனக்குச் சிரிப்புத்தான்.

லயத்து வாசலிலேயே அம்மா நின்றுகொண்டிருந்தார். “என்னடா தம்பி, என்ன சொன்னாங்க?” என்று கேட்டார்.

“எடுத்துக்கிறோம்னு சொல்லிட்டாங்கம்மா!”

அவ்வளவுதான். அன்று இரவுக்குள் லயம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஆபீசுக்குப் போகிற பிள்ளை நல்லதாக உடுத்த வேண்டாமா? மறுவாரமே அம்மா தோட்டைக் கழற்றி அடகு வைத்தார். இரண்டு சிலுவார், இரண்டு சட்டை, ஒரு ஜோடி சப்பாத்து வாங்கினோம். தோட்டத்து ஆபீசில் தற்காலிகமாக ஒரு ஸ்டோர் வேலை காலியாக இருந்தது. கிராணியார் ஆள் விட்டுக் கேட்டார். “எனக்குப் பட்டணத்திலே வேலை கிடைச்சிருச்சு ஐயா” என்று சொல்லி அனுப்பினேன். அந்த வேலை வேறொரு பையனுக்குப் போனது.

ஒரு வாரம் போயிற்று. இரண்டு வாரம் போயிற்று. தபால் வரும் நேரமெல்லாம் ஆபீஸ் வாசலில் நிற்பேன். நான்காவது வாரம் பொறுக்க முடியாமல் நேரிலேயே போனேன். முன்னால் உட்கார்ந்திருந்த பெண் ஒரு நோட்டைப் புரட்டிவிட்டு, “அந்த இடத்துக்கு ஆள் எடுத்து மூன்று வாரமாகிறதே!” என்றார்.

அன்று மாலை வெட்கத்தை விட்டுக் கிராணியாரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, அது வேலை கொடுக்கிற பேச்சு இல்லே. ‘யோசிச்சிட்டுப் பதில் சொல்றோம்’ங்கிற பேச்சு. பதில் வரும்னுதான் அர்த்தம். நல்ல பதில் வரும்னு அர்த்தம் இல்லே.”

இத்தனை வருஷம் ஆகியும் அந்த வார்த்தை என் காதில் நிற்கிறது.

நம்மிடமும் உண்டே!

வெள்ளைக்காரர் பேச்சு என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். இதே பேச்சு நம் வீட்டிலும் இருக்கிறது. பெண் பார்க்க வருகிறவர்கள் சொஜ்ஜியும் பஜ்ஜியும் சாப்பிட்டு, காப்பி குடித்து முடித்ததும் என்ன சொல்வார்கள்? “வீட்டுக்குப் போய்க் கலந்து பேசிட்டு லெட்டர் போடுறோம்” என்பார்கள். அதைக் கேட்டதும் எந்தப் பெண் வீட்டாராவது பத்திரிகை அடிக்கக் கிளம்புவார்களா? மாட்டார்கள். அந்தச் சொல்லுக்கு எவ்வளவு எடை என்பது நமக்குப் பழக்கத்தால் தெரியும்.

அதுபோலவே, “போய்ட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுப் போகிறவர் சோற்றுக்குத் திரும்பி வருவார் என்று யாரும் உலை வைப்பதில்லை. தமிழ் நம் தாய்மொழி. அதனால் சொல்லுக்கும் அதன் உள்ளே இருக்கும் எண்ணத்துக்கும் உள்ள இடைவெளி நமக்குத் தெரிகிறது. ஆங்கிலத்தில் அது தெரியாமல் சொல்லுக்குச் சொல் பொருள் பார்க்கிறோம். விழுவது அங்கேதான்.

சொல்லோடு சொல் சேர்ந்தால்...

ஒரு வினைச்சொல்லோடு சின்னச் சொல் ஒன்றோ இரண்டோ ஒட்டிக்கொண்டு, இரண்டுக்கும் இல்லாத புதுப் பொருளைத் தருவது ஆங்கிலத்தில் மிக அதிகம். பயந்துவிடாதீர்கள். இந்த வித்தையில் நாமும் குறைந்தவர்கள் இல்லை. ‘சொல்லி’ என்ற ஒரு சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள்.

‘சொல்லிக்கொடு’ என்றால் கற்பி. ‘சொல்லிக்காட்டு’ என்றால் செய்த உதவியைக் குத்திப் பேசு. ‘சொல்லியனுப்பு’ என்றால் ஆள் மூலம் செய்தி விடு. ‘சொல்லிப்பார்’ என்றால் கேட்பானா என்று முயன்று பார். ‘கொடு’, ‘காட்டு’ என்ற சொற்களின் தனிப்பொருளை மட்டும் தெரிந்துகொண்ட ஒரு வெளிநாட்டுக்காரர், ‘சொல்லிக்காட்டாதே’ என்பதற்குப் பொருள் தேடினால் நான் பட்ட பாட்டைத்தான் படுவார்!

‘கெட் பேக் டு’ என்பதும் அப்படித்தான். மூன்றையும் ஒரே சொல்லாக எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பின்னால் ஓர் ஆளின் பெயரோ, ‘மீ’, ‘யூ’, ‘அஸ்’, ‘ஹிம்’, ‘ஹெர்’ போன்ற சொல்லோ வந்தால், ‘அவருக்குப் பிறகு பதில் சொல்’, ‘அவரோடு மறுபடி தொடர்பு கொள்’ என்று பொருள். கடிதமாக இருக்கலாம், தொலைபேசியாக இருக்கலாம், இப்போது கைத்தொலைபேசியில் அனுப்பும் குறுஞ்செய்தியாகவும் இருக்கலாம். எந்த வழி என்பதை இந்தச் சொல் சொல்வதில்லை. ‘ரைட் பேக்’ என்றால் எழுத்தில் பதில். ‘கால் பேக்’ என்றால் தொலைபேசியில் பதில். ‘கெட் பேக் டு’ எல்லாவற்றுக்கும் பொது.

மலாய் தெரிந்தவர்களுக்கு இன்னும் சுலபம். அலுவலகங்களில் ‘காமி ஆக்கான் ஹுபுங்கி அண்டா செமுலா’ என்பார்களே, ‘உங்களை மறுபடி தொடர்பு கொள்வோம்’ என்று, அதேதான் இது.

ஒரு சின்னச் சொல் மாறினால்...

இங்கே மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, ‘டு’ என்ற சொல்லின் பின்னால் வருவது ஆளா, வேலையா, இடமா என்று பாருங்கள். ‘கெட் பேக் டு மீ’ என்றால் எனக்குப் பதில் சொல். ‘கெட் பேக் டு வொர்க்’ என்றால் வேலைக்குத் திரும்பு. மண்டோர் சத்தம் போட்டால் அநேகமாக இரண்டாவதாகத்தான் இருக்கும்!

இரண்டாவது, ‘டு’ போய் ‘அட்’ வந்துவிட்டால் பொருள் தலைகீழ். ‘ஐ வில் கெட் பேக் டு யூ’ என்றால் ‘உங்களுக்குப் பதில் சொல்கிறேன்’. ‘ஐ வில் கெட் பேக் அட் யூ’ என்றால் ‘உன்னைப் பழிக்குப் பழி வாங்குகிறேன்’! மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் இந்த ஓர் எழுத்துப் பிழை வந்தால் நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, சொல் நிற்கும் இடம். ‘கால் மீ பேக்’ என்று ‘மீ’யை நடுவில் வைக்கலாம். ஆனால் ‘கெட் மீ பேக்’ என்று நடுவில் வைத்தால் ‘என்னைத் திரும்பக் கொண்டுவா’ என்றாகிவிடும். ஆகவே ‘கெட் பேக் டு மீ’ என்று கடைசியில்தான் ஆள் வர வேண்டும்.

பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லி வையுங்கள். ‘ஆன்சர் பேக்’, ‘டாக் பேக்’ என்பவற்றிலும் ‘பேக்’ இருக்கிறது. ஆனால் அவை பதில் சொல்வதைக் குறிப்பவை அல்ல, பெரியவர்களை எதிர்த்துப் பேசுவதைக் குறிப்பவை. ‘டோன்ட் ஆன்சர் பேக்’ என்று ஆசிரியர் சொன்னால், வாயை மூடு என்று அர்த்தம்.

பந்து யார் பக்கம்?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்தச் சொற்றொடரைக் கேட்டாலும் படித்தாலும் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அடுத்த காரியத்தைச் செய்ய வேண்டியவர் யார்? அவரா, நாமா?

‘வீ வில் கெட் பேக் டு யூ’ – அவர்கள் பதில் சொல்ல வேண்டும். நாம் காத்திருக்கிறோம்.

‘ப்ளீஸ் கெட் பேக் டு அஸ்’ – நாம் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் காத்திருக்கிறார்கள்.

சொற்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் இரண்டாவது கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ‘அவர்களே தெரிவிப்பார்கள்’ என்று வீட்டில் உட்கார்ந்திருந்தால் வந்த வாய்ப்பும் போய்விடும். கல்லூரி இடமாக இருக்கலாம், வேலைக் கடிதமாக இருக்கலாம், காப்புறுதிப் பணமாக இருக்கலாம். அதன் பின்னால் ‘பை’ என்று போட்டு ஒரு தேதி இருந்தால், அந்தத் தேதிக்குள் நம் பதில் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ‘விதின் 14 டேய்ஸ்’ என்றிருந்தால் 14 நாளுக்குள். அந்தத் தேதியைச் சிவப்பு மையில் கோடு போட்டு, சுவர்க் காலண்டரிலும் குறித்து வையுங்கள். கடிதம் அலமாரியில் மறைந்து போகும். காலண்டர் தினமும் கண்ணில் படும்.

நம் நாட்டு அலுவலகக் கடிதங்களில் இன்னொரு சொல்லும் நடமாடுகிறது. ‘கைண்ட்லி ரிவர்ட்’ என்று எழுதுவார்கள். அகராதியில் பார்த்தால் ‘பழைய நிலைக்குத் திரும்பு’ என்றிருக்கும். குழம்பாதீர்கள். மலேசியா, சிங்கப்பூர், இந்தியா ஆகிய இடங்களில் அலுவலகக்காரர்கள் அதைப் ‘பதில் அனுப்புங்கள்’ என்ற பொருளில் எழுதுகிறார்கள். அதுவும் நாம்தான் செய்ய வேண்டிய காரியம்.

வேலை விளம்பரங்களின் அடியில், ‘ஒன்லி ஷார்ட்லிஸ்டட் கேண்டிடேட்ஸ் வில் பி நோட்டிஃபைட்’ என்று ஒரு வரி இருக்கும். தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டுமே பதில் வரும் என்று பொருள். அப்படிப்பட்ட இடத்தில் பதில் வராததே பதில். அதற்காகக் காத்திருக்காமல் அடுத்த மனுவை எழுதுங்கள்.

சொன்னவரிடம் கேட்க வேண்டியவை

‘கெட் பேக் டு யூ’ என்று சொல்கிறவர் எல்லோரும் ஏமாற்றுகிறவர்கள் இல்லை. மேலே கேட்க வேண்டியிருக்கும், கோப்பைத் தேட வேண்டியிருக்கும். ஆனால் சொன்னவருக்கு ஒரு நாளைக்கு ஐம்பது பேர். நமக்கு நம் காரியம் ஒன்றுதான். கிணற்றில் போட்ட கல்லாக அது ஆகிவிடாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. அங்கேயே நின்று மூன்று கேள்விகள் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

“வென் கேன் ஐ எக்ஸ்பெக்ட் டு ஹியர் ஃப்ரம் யூ?” – எப்போது பதில் எதிர்பார்க்கலாம்?

“மே ஐ ஹேவ் யுவர் நேம், ப்ளீஸ்?” – உங்கள் பெயரைத் தெரிந்துகொள்ளலாமா?

“விச் நம்பர் கேன் ஐ கால்?” – எந்த எண்ணுக்கு நான் அழைக்கலாம்?

இந்த மூன்றுக்கும் கிடைத்த விடையையும் அன்றைய தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் மலாயில் கேளுங்கள். கேட்பதுதான் முக்கியம், மொழி இரண்டாம் பட்சம். சொன்ன நாள் தாண்டியதும் நீங்களே அழையுங்கள். “யூ செட் யூ வுட் கெட் பேக் டு மீ பை ஃப்ரைடே” – வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்வதாகச் சொன்னீர்கள் – என்று நினைவூட்டுங்கள். இது சண்டை இல்லை. ஞாபகப்படுத்துவது.

கடிதமோ மனுவோ நேரில் கொடுத்தால், ஒரு நகலை எடுத்துப் போய் அதில் தேதியோடு சாப்பு குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு ‘வரவே இல்லை’ என்று யாரும் சொல்ல முடியாது.

காத்திருக்கக் கூடாத ஒரு இடம்

சில இடங்களில் காத்திருந்தால் நஷ்டம் ஒரு தோட்டோடு போகாது. வேலையை விட்டு நீக்கப்பட்டவரைப் பற்றிச் சொல்கிறேன்.

காரணமில்லாமல் தம்மை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று கருதும் தொழிலாளி, மறுபடி வேலையில் அமர்த்தும்படி தொழில் உறவு இலாகாவிடம் முறையிடலாம். 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு இந்த உரிமையைத் தருகிறது. சங்க உறுப்பினராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த உரிமை உண்டு. ஆனால் அந்த முறையீட்டை 60 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். 60 நாள் தாண்டினால் இலாகா அதை ஏற்காது. நோட்டீஸ் கொடுத்து நீக்கியிருந்தால், நோட்டீஸ் காலத்திலேயே முறையிடலாம். அந்தக் காலம் முடிந்த நாளிலிருந்து 60 நாள் வரையிலும் முறையிடலாம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். வேலை போனவர் நிர்வாகத்திடம் போய்க் கேட்கிறார். “வீ ஆர் லுக்கிங் இன்டு இட். வீ வில் கெட் பேக் டு யூ” என்கிறார்கள். கவனித்துக்கொண்டிருக்கிறோம், பதில் சொல்கிறோம் என்று அர்த்தம். அவரும் நம்பி வீட்டில் இருக்கிறார். ஒரு மாதம் கழித்துப் போனால் அதே பதில். இரண்டு மாதம் ஓடிவிடுகிறது. சொன்னவர் மனதில் கெட்ட எண்ணம் இல்லாமலே இருக்கலாம். ஆனால் அவர் பதில் சொல்வதாகச் சொன்னதற்காகச் சட்டத்தின் நாட்கணக்கு நின்று கொடுப்பதில்லை!

மார்ச் முதல் தேதி வேலை போனால் ஏப்ரல் மாதத்தோடு காலம் முடிந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் வரை இழுக்காமல், முதல் வாரத்திலேயே சங்கப் பிரதிநிதியையோ இலாகாவையோ போய்ப் பாருங்கள். நிர்வாகம் ஒரு பக்கம் பேசட்டும். முறையீடு ஒரு பக்கம் இருக்கட்டும். நல்லபடி தீர்ந்தால் முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். நாள் தாண்டிவிட்டால் அதைத் திரும்பப் பெற முடியாது.

நாமும் சொல்கிறோமே!

கடைசியாக ஒன்று. இந்தச் சொல்லை நாமும் பிறரிடம் சொல்ல வேண்டி வரும். சொல்வதில் தவறில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்வதைவிட, கேட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்பது நாணயமான பேச்சு. அதோடு ஒரு நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள். “ஐ வில் கெட் பேக் டு யூ பை மன்டே” என்றால் திங்கட்கிழமைக்குள் பதில் போய்விட வேண்டும். ‘இன்னும் தெரியவில்லை’ என்பதும் ஒரு பதில்தான். ‘முடியாது’ என்பதும் ஒரு பதில்தான். பேசாமல் இருந்துவிடுவதுதான் பதில் இல்லாதது.

வீட்டிலும் இதுதான். பாரத்தில் கையெழுத்துக் கேட்டு வரும் பிள்ளையிடம், “அப்புறம் பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டு மறந்து போகிறோம். அந்தப் பிள்ளை நாள் முழுக்க அந்த ‘அப்புறத்து’க்காகக் காத்திருக்கும். நான் தபாலுக்காக ஆபீஸ் வாசலில் நின்றதுபோல!

என் கதையின் முடிவைக் கேட்பீர்கள். ஸ்டோர் வேலையும் போன பிறகு அம்மாவோடு நானும் விடியற்காலையில் மரம் வெட்டப் போனேன். ஐந்தாம் மாதம் தோட்டை மீட்டேன். தோடு கையில் வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: “தம்பி, அந்த வெள்ளைக்காரப் பேச்சு என்னடா சொன்னே? எனக்கும் சொல்லிக்கொடு. நாளைக்கு எவனாவது என்கிட்டே சொன்னா, என்னைக்குன்னு கேட்கணும்!”

பள்ளிக்கூடம் போகாத அம்மா, ‘என்னைக்கு’ என்ற ஒரே சொல்லில் பாடத்தை முடித்துவிட்டார். வாசகர்களே, அதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். யார் ‘கெட் பேக் டு யூ’ என்று சொன்னாலும் சிரித்த முகத்தோடு கேளுங்கள்: என்றைக்கு?